செவிலியக் கல்விக்கான மருத்துவச் சொற்கள்: தமிழ் – மலையாள எல்லையில் ஒரு நோக்கு

திருவனந்தபுரத்தில் செவிலியக் கல்விக்கு ஆயத்தமாகும் தமிழ் மாணவர் மூவகைச் சொற்களை எதிர்கொள்கின்றனர். கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்ட ஆங்கிலக் கலைச்சொல் முதல் வகை; எய்ம்ஸ் போன்ற நிறுவனங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வின் உயிரியல் பகுதிக்கு இதுவே வேண்டப்படுகிறது. பள்ளிப் பாடநூலில் பயின்ற தமிழ்க் கலைச்சொல் இரண்டாம் வகை. நோயாளியின் வாய்ச்சொல் மூன்றாம் வகை. இந்நகரில் அது பெரும்பாலும் மலையாளச் சொல்லாகும்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்தபோதும், 1951இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை நாடிக் குமரி மாவட்டத்தார் இன்றும் வருகின்றனர். எனவே மூவகைச் சொற்களுக்கும் இடையிலான உறவை அறிதல் செவிலியர்க்கு இன்றியமையாதது. அவ்வுறவை மனப்பாடம் தருவதில்லை. சொல்லமைப்பு அறிவே தரும்.

1. அடியும் ஒட்டும்

'நெஃப்ரைட்டிஸ்' என்பதில் முதற்பகுதி சிறுநீரகத்தையும் 'ஐட்டிஸ்' என்னும் ஒட்டு அழற்சியையும் குறிக்கும். 'எக்டமி' என்பது அறுவையால் அகற்றுதலைக் குறிக்கும் ஒட்டு. கல்லீரலுக்குரிய 'ஹெபட்', இரைப்பைக்குரிய 'காஸ்ட்ர்' ஆகிய அடிகளையும் அறிந்தவர் மூன்று அடிகள், இரண்டு ஒட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு ஆறு சொற்களைப் பிரித்துணரலாம். தமிழிலும் 'சிறுநீரக அழற்சி', 'கல்லீரல் அழற்சி' என உறுப்பின் பெயர் முன்னும் நிலையின் பெயர் பின்னுமாக அமைகின்றன. இவ்வரிசை ஒப்புமை தமிழ் மாணவர்க்குப் பெருந்துணையாகும்.

2. ஒலிபெயர்ப்பின் இடர்

கலைச்சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து மட்டும் கற்பது போதாது. இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் சிறுகுடலின் இறுதிப் பகுதிக்கும் உரிய ஆங்கிலப் பெயர்கள் எழுத்தில் வேறுபடினும், தமிழில் இரண்டும் 'இலியம்' என்றே எழுதப்படும். 'ஹைப்பர்கிளைசீமியா', 'ஹைப்போகிளைசீமியா' ஆகியவை ஓரசையில் மட்டுமே வேறுபடுகின்றன. பொருளிலோ இரத்தச் சர்க்கரை மிகுதல், குறைதல் என முற்றிலும் முரண்படுகின்றன. ஒன்றற்குச் செய்யும் மருத்துவம் மற்றொன்றில் உயிருக்கே ஊறாகலாம். 'மிகை', 'குறை' என்னும் தமிழ் அடைகளோடு இணைத்துக் கற்பின் இம்மயக்கம் நீங்கும்.

3. வடிவ ஒப்புமையும் பொருள் வேறுபாடும்

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகளாதலின் அயன்மொழிச் சொல்லைவிட உடன்பிறப்புச் சொல்லே மிகுதியாக ஏமாற்றுகிறது. மலையாளத்தில் 'பனி' என்பது காய்ச்சல். 'அஞ்சாம்பனி' என்பது தட்டம்மை. குளிரைக் குறித்த திராவிட வேர் நடுக்கத்தின் வழியே காய்ச்சலைக் குறிக்கலாயிற்று எனக் கருத இடமுண்டு. தமிழில் 'வேதனை' பெரும்பாலும் மனத்துயரைச் சுட்ட, மலையாளத்தில் அது உடல்வலிக்கு இயல்பான சொல்லாக வழங்குகிறது. 'முறிவு' என்றதும் தமிழர் எலும்பு முறிவை எண்ணுவர். மலையாளி அதனால் காயத்தைக் குறிப்பார், எலும்பு முறிவை 'ஒடிவு' என்பார். நீரிழிவுக்கு மலையாளத்தில் வழங்கும் 'பிரமேகம்' தமிழர்க்குப் பால்வினை நோயாகிய மேகநோயை நினைவூட்டக்கூடும்.

இவற்றுள் எதுவும் நுழைவுத் தேர்வில் வினாவாக வருவதில்லை. ஆயினும் நோயாளியின் கூற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்யும் செவிலியர்க்கு இவ்வேறுபாடுகளே முதற்பாடமாகும்.

4. யாழ்ப்பாண முன்னோடி

நோயாளியின் மொழியையும் மருத்துவக் கல்வியையும் இணைக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப்பணி நாடி அகன்றமையும், தமிழில் பயின்றோர் ஊரிலேயே தங்கிப் பணியாற்றுவர் என்னும் எதிர்பார்ப்பும் இதற்குக் காரணங்களாயின. அவருடைய நூல்களில் உடற்கூறியல் 'அங்காதிபாதம்' என்றும் உடலியங்கியல் 'சுகரணம்' என்றும் பெயர்பெற்றன. அச்சொற்கள் இன்று வழக்கில் இல்லை. கற்பவரின் மொழியும் நோயாளியின் மொழியும் ஒன்றாதல் வேண்டும் என்னும் அவரது நோக்கம் இன்றும் பொருந்துவதாகும்.

5. முடிவு

தேர்வுக்கென வெளிவரும் அகரவரிசைச் சொற்பட்டியல்கள் முதல் வகைச் சொல்லோடு நின்றுவிடின் பயன் குறையும். ஆங்கிலச் சொல், அதன் பிரிப்பு, தமிழ்க் கலைச்சொல், மலையாள வழக்கு, மயக்கம் தரும் வடிவம் என ஐந்து பகுதிகளாக அமையும் சிறு சொற்களஞ்சியம் எல்லைப் பகுதி மாணவர்க்கு உடனடித் தேவையாகும். இதனைத் தொகுப்பதில் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செவிலிய ஆசிரியரும் ஒருங்கே ஈடுபடுதல் வேண்டும். அத்தகைய தொகுப்பு தேர்வறையில் மதிப்பெண் பெற்றுத் தருவதோடு, நோயாளியின் படுக்கையருகே பிழையான புரிதலையும் தவிர்க்கும்.