பாடகரின் செவியும் கணிப்பொறியின் தாமதமும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுகின்ற ஒருவர் தம் குரலை இரு வழிகளில் கேட்கின்றார். தலையோட்டின் எலும்புகள் வழியாக உட்செவியை உடனே அடையும் ஒலி ஒன்று. ஒலிவாங்கியிற் புகுந்து, கருவிகள் பலவற்றைக் கடந்து, ஹெட்போன் வழியாகத் திரும்பி வரும் ஒலி மற்றொன்று. காந்த நாடாவில் ஒலியைப் பதிவு செய்த காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே உணரத்தக்க கால வேறுபாடு இல்லை. கணிப்பொறி ஒலிப்பதிவுக் கருவியாக மாறிய பின்னரே, "என் குரல் எனக்குப் பிந்தி வருகின்றது" என்னும் குறை எழலாயிற்று. இக்குறையின் காரணம் யாது, டி.எஸ்.பி. எனப்படும் தனிச் சில்லுகள் இதனை எவ்வாறு நீக்குகின்றன, அவற்றிற்காகப் பொருள் செலவிடுதல் எப்பொழுது தக்கது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இப்பொருளை ஆராயத் திருவனந்தபுரம் நல்லதோர் இடமாகும். 1943ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கிய திருவிதாங்கூர் வானொலி நிலையம், 1950இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1980இல் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி ஸ்டுடியோ திருவல்லத்தில் எழுந்தது. ஒலியைப் பதிவு செய்யும் இந்நிலையங்களோடு, ஒலியைக் கணக்கிடும் சில்லுகளை வடிவமைக்கும் மத்திய அரசின் சி-டாக் நிலையமும் இந்நகரிலேயே உள்ளது.

குடமும் நீரும்

கணிப்பொறிக்கு ஒலி தெரியாது, எண்களே தெரியும். ஆகவே ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தம் விநாடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகின்றது. இவ்வெண்களுக்கு மாதிரிகள் என்பது பெயர். கணிப்பொறி இவற்றை ஒவ்வொன்றாகக் கையாளுவதில்லை. கிணற்று நீரைக் குடம் குடமாகச் சுமப்பதுபோல, ஒரு தொகுதி மாதிரிகள் சேர்ந்த பின்னரே எடுத்துக் கணக்கிட்டு, மற்றொரு தொகுதியாக வெளியே விடுகின்றது. இக்குடத்தையே பஃபர் என்பர்.

குடம் 128 மாதிரிகள் கொள்ளுமாயின், அது நிறைய 2.7 மில்லி விநாடி வேண்டும். உள்ளே வர ஒரு குடம், வெளியே செல்ல ஒரு குடம் எனக் கணக்கிட்டால் 5.3 மில்லி விநாடி ஆகின்றது. எண்ணாக மாற்றும் கருவிகளின் தாமதம் இதற்குப் புறம்பானது. குடம் 1,024 மாதிரிகள் கொள்ளுமாயின் தாமதம் ஏறத்தாழ 43 மில்லி விநாடியாக உயர்கின்றது.

அப்படியானால் சிறிய குடத்தையே எப்பொழுதும் பயன்படுத்தலாகாதோ என வினவலாம். குடம் சிறுத்தால் நடை பெருகும். கணிப்பொறியோ ஒரே சமயத்தில் திரையை வரையவும், வட்டில் எழுதவும், வலையமைப்பைக் கவனிக்கவும் கடமைப்பட்டது. இவற்றுள் ஏதேனும் ஒன்று அதனைச் சிறிது நேரம் பிடித்து வைக்குமாயின், அடுத்த குடம் உரிய நேரத்தில் வந்து சேராது. அவ்விடைவெளி 'டிக்' என்னும் ஓசையாகப் பதிவில் விழுந்துவிடும். மீண்டும் பாட வைப்பதன்றி அதற்கு நல்ல பரிகாரம் இல்லை.

செவி பொறுக்கும் அளவு

காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 35 செ.மீ. தூரம் செல்கின்றது. கச்சேரி மேடையில் பாடகருக்கு இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்த மிருதங்க வித்துவானை அவர் குரல் சுமார் 6 மில்லி விநாடி பிந்தியே அடைகின்றது. இதனை எவரும் குறையாகக் கருதியதில்லை. ஆகவே தாமதம் என்பது தன்னளவில் தீங்கானதன்று.

ஆனால் தம் குரலைத் தாமே கேட்கும்பொழுது நிலைமை வேறாகின்றது. எலும்பு வழி வந்த ஒலியும் ஹெட்போன் வழி வந்த ஒலியும் செவியில் ஒன்று கலக்கின்றன. இரண்டிற்கும் இடையே ஒரு மில்லி விநாடி வேறுபாடு இருப்பின், 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஓர் அலையின் மேடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்தி, அவ்வொலிகள் நலிகின்றன. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலத் தோன்றுகின்றது. சுருதியை நம்பிப் பாடுவோர்க்கு இஃது இடையூறேயாகும்.

தாமதம் 10 மில்லி விநாடியைக் கடந்தால் பயிற்சி பெற்ற செவி அதனைப் பிந்துதலாகவே உணரத் தொடங்கும். 30ஐக் கடந்தால் எதிரொலி போலாகிவிடும். நிமிடத்திற்கு 90 தட்டு என்னும் வேகத்தில், ஒரு தட்டிற்கு எட்டுச் சொற்கள் வாசிக்கும் மிருதங்கக் கலைஞரை எண்ணிப் பார்ப்போம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அவருக்குக் கிடைப்பது 83 மில்லி விநாடியே. மேலே கண்ட 43 மில்லி விநாடித் தாமதம் அதில் பாதியை விழுங்கிவிடுகின்றது.

தனிச் சில்லின் சிறப்பு

ஒலியைத் திருத்தும் கணக்குகள் யாவும் பெரும்பாலும் ஒரே வகையின: ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் பெருக்கி, முன்னிருந்த தொகையோடு கூட்டுதல். இப்பெருக்கலைச் செய்வதற்கெனத் தனி உறுப்புகள் அமைந்த சில்லே டி.எஸ்.பி. ஆகும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1983இல் விற்பனைக்குக் கொணர்ந்த டி.எம்.எஸ். 32010 என்னும் சில்லு, விநாடிக்கு 50 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றியது. இந்நிறுவனமே 1985இல் பெங்களூரில் தன் வடிவமைப்பு நிலையத்தை நிறுவியது. பின்னர் வந்த மோட்டரோலா 56001 சில்லு, 24 பிட் எண்களைப் பெருக்கி, விளைவை 56 பிட் அகலமுள்ள தொகைக்கலத்தில் சேர்த்தது. ஆகவே நீண்ட கூட்டலிலும் கடைசி இலக்கங்கள் சிந்திப் போகவில்லை. 1990களில் திரைப்படக் கூடங்களிலும் இசைக் கூடங்களிலும் பரவிய புரோ டூல்ஸ் அமைப்பு இவ்வினச் சில்லுகள் பதித்த அட்டைகளையே நம்பியிருந்தது.

அந்நாளில் இஃது ஏன் இன்றியமையாததாயிற்று என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஓர் ஈக்வலைசரின் ஒரு பட்டைக்கு, ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து பெருக்கல்கள் வேண்டும். பட்டை நான்கு, ஒலித் தடம் 32 எனக் கொண்டால், விநாடிக்கு 3 கோடியே 7 லட்சத்து 20 ஆயிரம் பெருக்கல்கள் ஆகின்றன. அக்காலத்து மேசைக் கணிப்பொறிக்கு இஃது இயலாத சுமை. இன்றைய சாதாரண மடிக்கணினிக்கோ இது மிகச் சிறிய வேலை. 1996இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்னும் முறையை வெளியிட்டு, பிளக்-இன்கள் கணிப்பொறியின் சொந்தச் செயலியிலேயே இயங்க வழி செய்தது. அதன் பின் ஆண்டுதோறும் செயலிகளின் ஆற்றல் வளர்ந்தது. எனவே 'ஆற்றல் மிகுதி' என்னும் பழைய காரணம் இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது.

எஞ்சி நிற்பது நேரந் தவறாமை. பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மேத்தன் மணியைத் திருவனந்தபுரத்தார் அறிவர். தாடி வைத்த முகத்தின் இரு கன்னங்களிலும் மணிதோறும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் மோதுவதன்றி அப்பொறிக்கு வேறு பணி இல்லை. டி.எஸ்.பி. சில்லும் அத்தகையது. குடம் நிறையக் காத்திராமல், ஒரு மாதிரி அல்லது சில மாதிரிகள் வந்தவுடன் கணக்கிட்டு முடிக்கின்றது. ஒரு வேலைக்கு எத்தனை துடிப்புகள் ஆகும் என்பதை முன்னரே எண்ணிச் சொல்லிவிட இயலும்.

சில்லு அமர்ந்திருக்கும் இடம்

இங்குப் பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. டி.எஸ்.பி. அட்டையில் இயங்கும் பிளக்-இன்னின் குமிழ்களும் அளவிகளும் கணிப்பொறித் திரையிலேயே தோன்றுகின்றன. ஆனால் ஒலியின் எண்கள் கணிப்பொறியிலிருந்து அட்டைக்குச் சென்று, கணக்கிடப்பட்டு, மீண்டும் வருகின்றன. யூனிவர்சல் ஆடியோ நிறுவனம் 2008இல் வெளியிட்ட யு.ஏ.டி.-2 அட்டைகள் இவ்வாறு இயங்குவன. இப்பயணத்தால் தாமதம் குறைவதில்லை, கூடுகின்றது. பதிவு மென்பொருள் ஏனைய தடங்களையும் அதே அளவு பிந்தச் செய்து ஈடு கட்டுவதால், கலவைப் பணியில் அது புலப்படுவதில்லை. பாடுகின்றவருக்கோ இவ்வீடு பயன்படாது; அவர் குரலை முன்னதாகக் கொணர எந்த மென்பொருளாலும் ஆகாது.

அதே சில்லை ஒலிவாங்கிக்கும் கணிப்பொறிக்கும் இடையே, எண்ணாக மாற்றும் கருவியின் அருகிலேயே அமைத்தால் நிலைமை மாறுகின்றது. அந்நிறுவனம் 2012இல் வெளியிட்ட அப்போலோ கருவி இவ்வகையினது. குரல் கணிப்பொறிக்குள் நுழையுமுன்பே திருத்தப்பட்டு, மிகச் சில மில்லி விநாடிக்குள் ஹெட்போனை அடைகின்றது. ஆகவே 'டி.எஸ்.பி. உண்டா?' என்று கேட்பது போதாது. 'அஃது எங்கே உள்ளது?' என்பதே கேட்கத்தக்க வினா.

செவிக்கருவி தரும் பாடம்

செவிப்புலன் குறைந்தோர் அணியும் இலக்கமுறைச் செவிக்கருவியிலும் இதே இடர் உண்டு. கருவி திருத்தித் தரும் ஒலியும், செவித் துளை வழியே நேராக நுழையும் ஒலியும் கலக்கின்றமையால், மொத்தத் தாமதத்தைச் சுமார் 10 மில்லி விநாடிக்குள் அடக்குவது வடிவமைப்போரின் நோக்கமாகும். பொத்தானளவுள்ள மின்கலத்தைக் கொண்டு இதனைப் பல நாட்கள் செய்ய வேண்டும். இவ்வேலைக்கு மேசைக் கணிப்பொறியின் செயலி எவ்வளவு வலியதாயினும் உதவாது. தனிச் சில்லே வேண்டும். திருவனந்தபுரம் சி-டாக் நிலையம் செவிக்கருவிக்கென அத்தகைய சில்லொன்றை வடிவமைத்துள்ளது. பாடகரின் ஹெட்போனும் முதியவரின் செவிக்கருவியும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பது இதனால் விளங்கும்.

வாங்குமுன் எண்ணத்தக்கவை

சிறு கூடங்களும் பள்ளிகளும் அதிகச் செலவின்றியே இக்குறையை நீக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான ஒலி இடைமுகக் கருவிகளில், ஒலிவாங்கியின் ஒலியைக் கணிப்பொறிக்கு அனுப்பாமல் நேரே ஹெட்போனுக்குத் திருப்பும் வசதி உண்டு. பாடகர் விரும்பும் எதிர்முழக்கத்தை மட்டும் கணிப்பொறியிலிருந்து சேர்க்கலாம். அது 20 மில்லி விநாடி பிந்தினாலும் கேடில்லை. ஏனெனில், அரங்கின் சுவர்களிலிருந்து திரும்பும் ஒலி இயற்கையாகவே பிந்தி வருவதுதான். மென்பொருளில் பாடகரின் நேர்க்குரலை அணைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. குரலையே திருத்திக் கேட்பித்தாக வேண்டிய கூடங்களுக்கே, இடைமுகத்தில் அமைந்த டி.எஸ்.பி. உண்மையில் தேவைப்படுகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. தனிச் சில்லில் மட்டும் இயங்கும் பிளக்-இன், அச்சில்லின் ஆயுளோடு பிணைக்கப்பட்டது. டென்மார்க்கின் டி.சி. எலக்ட்ரானிக் நிறுவனம் உருவாக்கிய பவர்கோர் கருவி ஒரு காலத்தில் புகழ் பெற்றிருந்தது. பின்னர் அதன் உற்பத்தி நின்றது. அக்கருவி இல்லாத கணிப்பொறியில் பழைய வேலைக் கோப்பைத் திறந்தால், பாடல் இருக்கும்; அதன் திருத்தங்கள் இரா. யூனிவர்சல் ஆடியோ நிறுவனமும் 2022 முதல் தன் பிளக்-இன்கள் பலவற்றைத் தனிச் சில்லின்றி இயங்கும் வடிவில் தரத் தொடங்கியது.

ஆகவே வானொலி நிலையமாயினும் தனியார் கூடமாயினும், ஒவ்வொரு பதிவையும் இரு வகையாகச் சேமித்தல் நன்று: திருத்தாத மூலத் தடங்கள் ஒன்று, திருத்திய ஒலியைச் சாதாரண அலைக்கோப்பாக எழுதி வைத்த தடங்கள் மற்றொன்று. நாடாவை ஓட்ட நல்ல பொறி கிடைக்காமல் பழைய கச்சேரிகள் பேழைகளில் உறங்குவதைக் கண்டிருக்கின்றோம். இன்று பாடப்படும் பாட்டிற்கும் அந்நிலை நேராதிருக்க, பதிவு முடிந்த அன்றே சில நிமிடங்கள் செலவிட்டு இப்பணியைச் செய்துவிடுதல் வேண்டும்.