சூறாவளிக்கு முன்னரே தேடிய பணம்

கரிபியக் கடலிலே கிரெனடா என்றொரு சிறு தீவு நாடு உண்டு. ஜாதிக்காய்க்குப் பெயர் பெற்ற நாடு. 2004ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் 'ஐவன்' என்னும் சூறாவளி அதனைத் தாக்கியது. பத்தில் ஒன்பது வீடுகள் சேதமுற்றன. ஜாதிக்காய்த் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இழப்பைக் கணக்கிட்டபோது, நாடு முழுவதும் ஈராண்டு உழைத்து ஈட்டும் வருமானத்துக்கு அது ஏறக்குறையச் சமமாயிருந்தது. ஜாதி மரத்தை நட்டுப் பலன் காணப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை மக்கள் எதைக் கொண்டு உண்பர்? அரசு எதைக் கொண்டு கடனை அடைக்கும்?

கரிபிய நாடுகள் கூடி 2007ஆம் ஆண்டில் ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதியை நிறுவின. நாமறிந்த காப்பீட்டில் வீடு இடிந்தால் அதிகாரி வந்து பார்வையிட்டு, சேதத்தை மதிப்பிட்ட பிறகே பணம் கைக்கு வரும். நாடே இடிந்து கிடக்கையில் அதற்கு அவகாசம் ஏது? ஆதலால் இந்நிதி இடிபாடுகளை எண்ணுவதில்லை. காற்றின் வேகம் முதலிய அளவுகளைக் கொண்டே இழப்பைக் கணிக்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த எல்லை கடந்திருந்தால் பதினான்கு நாட்களுக்குள் பணம் தருகிறது. 2024 ஜூலை முதல் நாள் 'பெரில்' சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த காரியாக்கூ தீவைச் சின்னாபின்னமாக்கியது. அப்போது சுமார் 4 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர் இவ்வழியில் கிடைத்தது.

மற்றோர் உபாயமும் அந்நாட்டுக்குக் கைகொடுத்தது. 2015இல் பழைய கடன் பத்திரங்களைத் திருத்தி எழுதியபோது, பெருஞ்சூறாவளி வீசினால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் உறங்கிய அந்த வாசகம் 2024இல் விழித்துக்கொண்டது. கடன் தள்ளுபடியாகவில்லை; மூச்சுவிட நேரம் கிடைத்தது, அவ்வளவே.

அளவுகோலை நம்பும் முறைக்குக் குறையும் உண்டு. அதே பெரில் ஜமெய்க்காவையும் அலைக்கழித்தது. ஆனால் காற்றழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை என்பதால், அந்நாட்டுக்கென விற்கப்பட்ட 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரத்திலிருந்து ஒரு காசும் வரவில்லை. மறு ஆண்டு 'மெலிசா' வீசியபோது முழுத் தொகையும் வந்தது. கூரை இழந்தவனுக்குக் காற்றழுத்தக் கணக்கு விளங்குமா?

இன்னொன்றையும் மாணவ நேயர்கள் சிந்திக்க வேண்டும். கடல்மட்டம் சிறிது சிறிதாக உயர்வது எதிர்பாராத விபத்தன்று; நிச்சயமாக வரும் நஷ்டத்தை எந்தக் காப்பீட்டுக் கழகமும் ஏற்காது. அதற்குப் பிறர் பணம் வேண்டும். புகையைப் பெருமளவு கக்கிய நாடுகளே அதனைத் தருதல் முறை என்பது தீவு நாடுகளின் நெடுநாள் வழக்கு. 2022இல் எகிப்தில் கூடிய மாநாடு இழப்புகளுக்கென ஒரு தனி நிதிக்கு இசைந்தது. ஆயினும் அதற்கு வந்துசேர்வது நாடுகள் மனமுவந்து அளிக்கும் நன்கொடையே, கட்டாயமில்லை.

கட்டாய வரியும் முடியாததன்று. பிரான்ஸ் 2006 முதல் விமானப் பயணச் சீட்டின்மீது சிறு தொகை விதித்து, ஏழை நாடுகளின் மருந்துக்கு அளித்தது. பயணிகள் விமானம் ஏறுவதை நிறுத்திவிடவில்லை.