கடலோரம் நடந்தோம்

வாயிலில் மோட்டார் சைக்கிள், தெருமுனையில் பஸ் வண்டி, அதற்கப்பால் புகையிரதம் என்று வாழப் பழகிவிட்ட நம்மைப் போன்றோருக்கு, கால்கள் எதற்காக அமைந்தன என்பதே மறந்துபோயிற்று. கரும்பலகைக்கும் கடைசி வாங்குக்கும் இடையே உலாவுவதைத் தவிர வேறு நடை அறியாதவர்கள் நாம். அத்தகைய நாம், சென்ற வைகாசியில் வற்றாப்பளையிலிருந்து கொக்குத்தொடுவாய் வரை மூன்று நாட்கள் கடலோரமாக நடக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது, வீட்டார் முதலில் நகைத்தனர். பின்னர் தைலப் போத்தலைத் தேடி எடுத்து வைத்தனர்.

வழியறிந்த ஒருவரின் தலைமையில் குழுவாகச் சேர்ந்து நடப்பது இன்று உலகெங்கும் விருப்பமான பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. நமது மலைநாட்டிலும் தேயிலைத் தோட்டங்களூடாக 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ‘பெக்கோ’ நடைபாதை 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் அடையாளப் பலகையோ கட்டணமோ இன்றி, மிக நீண்ட காலமாக மக்கள் கூட்டங்கூட்டமாக நடந்துவரும் பாதையொன்று எமது வன்னிக் கரையிலேயே இருப்பதைப் பலர் நினைப்பதில்லை. அதுவே கதிர்காமப் பாதயாத்திரைப் பாதை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார் கூட்டம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கடந்து, ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்துக்குக் கதிர்காமத்தை அடைகிறது. ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட நடை இது. பாதையின் பெரும்பகுதி கிழக்குக் கடலின் அருகாகவே செல்கின்றது. உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் குமண, யால வனங்களூடாகச் செல்லும் பகுதி மட்டும் ஆண்டுதோறும் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கே திறந்துவிடப்படுகிறது. முடிவில் கதிர்காமத்தில் தமிழரும் சிங்களவரும், முஸ்லிம்களும் வேடர்களும் ஒரே மண்ணில் வணங்கி நிற்பர்.

1983-ஆம் ஆண்டுக்குப் பின் நாட்டில் மூண்ட போரினால் இந்த வழக்கம் அறுந்தது. 1972-இல் இவ்வடியார்களுடன் நடந்திருந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முதலியோரின் முயற்சியால் 1988-இல் யாத்திரை புத்துயிர் பெற்றது. எனினும் வடக்கேயுள்ள பாதை நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. 2009-இல் போர் முடிந்த பின்னரே சந்நிதியிலிருந்து நடப்பது மீண்டும் கைகூடிற்று.

எமது அன்னையார் இளம்பெண்ணாக இருந்தபோது, தம் பெரியதாயாருடன் இப்பாதையில் சில நாட்கள் நடந்தவர். இப்போது அவருக்கு முழங்கால் இடங்கொடுப்பதில்லை. நாம் புறப்படும் போது அவர் வாயிற்படியில் இருந்தபடி இரண்டே வார்த்தைகள் சொன்னார்: “தம்பி, பையைப் பாரமாக்காதை. வழியிலை ஆர் என்ன தந்தாலும் வேண்டாமெண்டு சொல்லாதை.”

முதலாவதை எளிதில் நிறைவேற்றினோம். இரண்டாவதில் தவறினோம். அந்தத் தவறுதான் இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடலின் கரையில் உள்ளது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் இது என்றும், பத்தாம்பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் இவ்வூரார் கூறுவர். மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் அம்மை ஒரு கிழவி வடிவில் வந்து, பசிக்கிறது என்றாளாம். சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்தது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுங்கள் என்றாள் கிழவி; விளக்கு எரிந்தது. அதன் நினைவாகவே இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கடலில் நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கேற்றுகின்றனர். பாதயாத்திரை அடியார்களும் பெரும்பாலும் இப்பொங்கலையொட்டியே இங்கு வந்து சேர்கின்றனர்.

பொங்கல் முடிந்து சில நாட்களின் பின், விடியுமுன் நாம் புறப்பட்டோம். முன்னே வேல் தாங்கிய பெரியவர். பின்னே காவியும் வெள்ளையும் உடுத்த நாற்பது பேரளவில் ஆணும் பெண்ணும். யாத்திரையில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’தான். ஆசிரியர் என்ற எமது பட்டமும் முதல் மைல் கல்லிலேயே கழன்றுபோயிற்று. விடிவதற்கு முன் எழுவது, வெயில் ஏறுமுன் பெரும்பகுதி தூரத்தைக் கடப்பது, நண்பகலில் கோயில் மண்டபத்திலோ மரநிழலிலோ தங்குவது, பொழுது சாயச் சிறிது நடந்து இரவில் மடத்தில் துயில்வது: இதுவே அன்றாட ஒழுங்கு.

முல்லைத்தீவைக் கடந்து தெற்கே திரும்பியதும் இடப்புறம் கடல் விரிந்தது. சோழகக் காற்றுக் காலத்தில் இக்கரைக் கடல் அடங்கிக் கிடக்கும். அலை வந்து நனைத்துச் சென்ற ஈர மணல் காலுக்கு உறுதியானது, நடப்பது எளிது. மேலேயுள்ள உலர்ந்த மணலோ ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கிழுக்கும். சிலாவத்தை தாண்டிச் செல்கையில் கடலிலிருந்து கதிரவன் எழுந்தான். கரைவலை இழுப்போர் இரு வரிசையாக நின்று, ஒரே குரலில் அம்பா பாடிக்கொண்டு கயிற்றை இழுத்தனர். வலப்புறத்துக் காட்டில் பாலைமரங்கள் பழுத்திருந்தன. மஞ்சள் நிறப் பாலைப்பழத்தை வாயிலிட்டுச் சுவைத்ததும், அதன் பால் உதடுகளை ஒட்டிவிட, ‘அரோகரா’ என்று சொல்ல முடியாமல் எல்லோரும் விழித்தது நல்ல வேடிக்கை.

இரண்டாம் நாள் அளம்பிலுக்கு அப்பால் எமது கால்கள் கொப்பளித்தன. கூட்டம் முன்னே செல்ல, நாம் மெல்லமெல்லப் பின்தங்கினோம். எழுபதைக் கடந்த மூதாட்டியர் எம்மைத் தாண்டிச் சென்றனர். வெட்கத்தினால் வலியை மறைத்து நடந்தோம். இதைக் கண்ட வேல் தாங்கிய பெரியவர் கூட்டத்தை நிறுத்தி, எம்மை அருகே அழைத்தார். பஸ்ஸில் ஏறிப் போகச் சொல்வாரோ என்று அஞ்சினோம். அவரோ, “சாமி, நீங்கள் எனக்குப் பக்கத்திலை முன்னுக்கு நடவுங்கோ. ஏலாதவரை முன்னுக்கு விட்டால்தான் ஒருதரும் பின்னுக்கு நிக்கமாட்டினம்” என்றார். அன்று நாற்பது பேரும் எமது கால்களின் வேகத்திலே நடந்தனர். ஒருவரேனும் முகஞ்சுளிக்கவில்லை. கெட்டிக்கார மாணவர்களின் வேகத்துக்கே பாடம் நடத்தி, பின்வாங்கில் இருப்பவர்கள் தாமாக வந்து சேரட்டும் என்றிருந்த எமது ஆண்டுகள் பலவற்றை அப்போது நினைத்துக்கொண்டோம்.

அளம்பிலிலேயே ஒரு கத்தோலிக்க மீனவர் வீட்டார் வாயிலில் தண்ணீர்க் குடம் வைத்துக் காத்திருந்தனர். வேலைக் கண்டதும் அவ்வீட்டுப் பெரியவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வணங்கினார். செம்மலைக்கு அருகில், நண்பகல் வேளையில், தகரக் கூரையிட்ட சிறுவீடு ஒன்றின் முன்னால் ஒரு பெண்மணி நின்றார். வயது ஐம்பதிருக்கலாம். முற்றத்தில் மூன்று கற்கள் மேல் ஒரு பானை, அதிலே கஞ்சி. வீட்டில் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. பானையின் அளவையும் கூட்டத்தின் அளவையும் பார்த்தோம். இந்த ஏழைப் பெண்மணியின் ஒருநாள் உணவை நாம் குடித்துவிடுவது தகாது என்று எண்ணினோம். அவர் சிரட்டையை நீட்டியபோது, “வேண்டாம் அம்மா, பையில் பிஸ்கட் இருக்கிறது; மற்றவர்களுக்குக் கொடுங்கள்” என்றோம். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே எம் நினைப்பு.

அவர் முகம் வாடிற்று. நீட்டிய சிரட்டையை அவர் திரும்ப எடுக்கவில்லை.

“சாமி, முகாமிலை இருந்த காலம் முழுக்க வரிசையிலை நிண்டு வாங்கித்தான் குடிச்சனாங்கள். ஆற்றையோ கையைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். இப்பதான் எங்கட அடுப்பு எரியுது. இது நான் குடுக்கிற கஞ்சி. ஒரு மிடறெண்டாலும் குடிச்சிட்டுப் போங்கோ.”

வாசகர்கள் 2009-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, முள்ளிவாய்க்கால் என்னும் ஒடுங்கிய மணற்பரப்பில் சனங்கள் நெருங்கிக் கிடந்த கடைசி நாட்களில், அரிசியை நீரில் காய்ச்சிய கஞ்சியே பலருக்கு உயிர் கொடுத்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் வீதியோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கப்படுவது அந்த நினைவினாலேயே. போர் முடிந்ததும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில், வேலிக்குள்ளே வாழ்ந்தனர். மெனிக் பாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில்தான். அதற்கும் முன்னே, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் இக்கரையைக் கடல்கோளும் அழித்திருந்தது. இவ்வளவுக்கும் பின் ஒரு பெண்மணி தன் சொந்த முற்றத்தில், தன் சொந்தப் பானையில், வழிப்போக்கருக்குக் கஞ்சி காய்ச்சுகிறார். பிறரிடம் பெற்றே வாழ நேர்ந்த ஒருவர் மீண்டும் கொடுப்பவராக நிற்கும் நாள் எத்தகைய நாள்! அந்த நாளில் ‘வேண்டாம்’ என்று சொல்லவா நாம் அத்தனை தூரம் நடந்து சென்றோம்?

இரு கைகளாலும் சிரட்டையை வாங்கிக் குடித்தோம். அவர் மறுபடியும் வார்த்தார், மறுபடியும் குடித்தோம். நாற்பது பேருக்கும் அப்பானைக் கஞ்சி எப்படிப் போதியது என்று கேட்கவேண்டாம். எல்லோரும் அளவறிந்து குடித்தார்கள். எமக்கு முன் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்த அந்த அளவு, படித்த எமக்கு மட்டும் தெரியாதிருந்தது. மாடு மேய்த்த சிறுவர்கள் ஒரு கிழவிக்குப் பொங்கிக் கொடுத்த கதை வெறும் தலபுராணம் அன்று என்பது அம்முற்றத்திலேதான் விளங்கிற்று.

யப்பான் நாட்டின் சிக்கோக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நடக்கும் யாத்திரையொன்று உண்டு. அப்பாதையின் பல பகுதிகளும் கடலோரமானவையே. நடப்போருக்கு ஊரார் பழமோ, உணவோ, சிறுதொகைப் பணமோ அளிப்பர். இதனை ‘ஒசெத்தாய்’ என்பர். அதை மறுப்பது மரியாதையன்று. ஏனெனில் நடக்க இயலாதவர் அக்கொடையின் மூலம் தாமும் யாத்திரையில் பங்கு கொள்கிறார் என்பது அவர்கள் கருத்து. எமது அன்னையார் அத்தீவைப் பற்றிக் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும் அவர் வாயிற்படியில் சொன்னது அதுவே.

மூன்றாம் நாள் நாயாற்றுப் பாலத்தைக் கடந்தோம். ஒருபுறம் கடல், மறுபுறம் கண்ணாடிபோற் கிடந்த கடலேரி. இதற்குத் தெற்கேயுள்ள கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் 1984-ஆம் ஆண்டின் இறுதியில் தம் மனைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலான பின்னரே அவர்கள் திரும்பி வந்தனர். அந்த இடைக்காலத்தில் பாதை இருந்தது, கடலும் இருந்தது, 1951-இல் சரணாலயமாக்கப்பட்ட கொக்கிளாய்க் கடலேரியில் பறவைகளும் இருந்தன. ஆனால் வாயிலில் நின்று ஒரு செம்பு நீர் நீட்ட ஆள் இருக்கவில்லை. அதனால் அது பாதையாக இருக்கவில்லை. நடப்பவரின் கால்கள் மட்டும் பாதையை உண்டாக்குவதில்லை என்பதை கொக்குத்தொடுவாயில் ஒரு வேப்பமர நிழலில் மோர் அருந்தியபோது உணர்ந்தோம். அங்கே கூட்டம் திருகோணமலை நோக்கித் தொடர, நாம் வேலை வணங்கி விடைபெற்றோம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறையில் மூன்று நாட்களாவது இப்படி நடந்து பாருங்கள். தண்ணீர்ப் போத்தல், ஒரு மாற்றுடை, போர்வை, கால் கொப்பளத்துக்கு நல்லெண்ணெய், இவை போதும். கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதானால் கடலைப் பிடியுங்கள். கொடுப்பவரின் முகத்தைக் கேளாது பிடிக்காதீர்கள். தளர்ந்தவரை முன்னே விடுங்கள். பையிலே பிஸ்கட் கொண்டுபோக வேண்டாம்.

வீடு திரும்பியதும் அன்னையார் கடலைப் பற்றி ஒன்றும் வினவவில்லை. “ஆர் வீட்டிலை சாப்பிட்டனீ?” என்றே கேட்டார். செம்மலைக் கஞ்சியைப் பற்றிச் சொன்னோம். முதலில் மறுத்ததையும் மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, வரும் வைகாசியில் தம்மையும் வற்றாப்பளை வீதிக்கு அழைத்துச் செல்லும்படி கேட்டார். நடக்க அன்று, ஒரு பானையுடன் வீதியோரத்தில் இருக்க.

பானையை வாங்கி வைத்திருக்கிறோம்.