மோட்டார் வண்டியில் இரட்டைப் பாட்டரியும் அவற்றைப் பிரிக்கும் ஸ்விட்சும்

திருப்பூர் பனியன் தொழிலுக்குப் பேர்போனதாயினும், 2009-ம் வருஷத்தில் அமைந்த அந்த ஜில்லாவின் கிராமங்களில் விவசாயமும் கோழி வளர்ப்பும் தளராமல் நடந்து வருகின்றன. பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிகளை இரவிலே பிடித்து ஏற்றுகிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் முறைத் தண்ணீர் நடுநிசியில் வந்தாலும் மடையில் ஆள் நிற்கவேண்டும். இவ்வேலைகளுக்குச் சிறு லாரி, டிராக்டர் இவற்றின் பாட்டரியிலிருந்தே விளக்கும் மருந்து தெளிக்கும் பம்பும் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. இதனால் வரும் கஷ்டம் விடியற்காலையிலேதான் தெரியும். சரக்கு ஏற்றிய வண்டி கிளம்பாமல் நின்றுவிடுகிறது.

காரணம் எளிது. 55 வாட்டு விளக்கு இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். நான்கு மணி நேரம் எரிந்தால் 36 ஆம்பியர்-மணி செலவாகும். 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது பாதிக்கு மேல். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி இப்படி அடிக்கடி வடிக்கத்தக்கதன்று. அதன் ஆயுளும் குறையும். ஆகையால் விளக்குக்கும் பம்புக்கும் இரண்டாவது பாட்டரி ஒன்று வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடுவது உத்தமம்.

இரண்டையும் ஒரு சாதாரண ஸ்விட்சின் வழியாக நேரே இணைப்பது பிசகாகும். 30 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் பாயும்போது அது சூடேறி உருகும். அணைக்க மறந்தால் இரு பாட்டரிகளும் ஒருங்கே வடிந்துபோகும். பளுவான மின்சாரத்தை ரிலே சுமக்கவேண்டும்; ஸ்விட்ச் அந்த ரிலேயை ஏவினாற் போதும். ரிலேயின் சுருள் ஏறக்குறைய ஓர் ஆம்பியரே கொள்ளும்.

கம்பி இணைக்கும் முறை

இடைவிடாமல் வேலை செய்யத்தக்க, 100 ஆம்பியருக்குக் குறையாத ரிலே வாங்கவேண்டும். ஸ்டார்ட்டருக்குரிய ரிலே சில விநாடிகளுக்கே ஏற்றதாகையால் இதற்கு உதவாது. வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகடிவ் கம்பியை முதலில் கழற்றி, முடிவில் கடைசியாக மாட்டவேண்டும்.

ரிலேயின் பெரிய முனைகளில் ஒன்றை முதற்பாட்டரியின் பாசிடிவுக்கும், மற்றொன்றை இரண்டாவதன் பாசிடிவுக்கும் 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு பாட்டரிக்கும் அருகிலேயே 80 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கவேண்டும். கம்பி உராய்ந்து இரும்பில் பட்டால் தீ மூளாமல் காப்பது அதுவே. இரண்டாவது பாட்டரியின் நெகடிவை அதே கனமுள்ள கம்பியால் வண்டியின் அடிச்சட்டத்தில், சாயம் சுரண்டிய இடத்தில் இறுக்கவேண்டும்.

மெல்லிய கம்பி பணத்தை மிச்சப்படுத்தாது. மூன்று மீட்டர் நீளத்தில் 30 ஆம்பியர் பாயும்போது, 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 0.1 வோல்ட்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.6 வோல்ட்டுக்கு மேலும் இழப்பாகும். அவ்வளவு இழந்தால் இரண்டாவது பாட்டரி முழுதும் நிரம்ப நெடுநேரம் பிடிக்கும்.

ரிலேயின் சிறு முனைகளில் ஒன்றை அடிச்சட்டத்தில் சேர்க்கவேண்டும். மற்றொன்றுக்கு, சாவியைத் திறந்தபோது மட்டும் மின்சாரம் வந்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது அற்றுப்போகும் சுற்றிலிருந்து, 5 ஆம்பியர் பியூஸ் வழியாகவும் ஸ்விட்ச் வழியாகவும் கம்பி கொண்டுவரவேண்டும். இவ்வாறு செய்தால், ஸ்விட்சை மறந்தாலும் சாவியை எடுத்தவுடன் பாட்டரிகள் பிரிந்துவிடும். இரண்டாவது பாட்டரி பழுதானால் ஸ்விட்சை அணைத்து அதை விலக்கிவைக்கலாம்.

சோதனை

எஞ்சின் நின்றிருக்கையில், நிரம்பிய ஈயப் பாட்டரி சுமார் 12.6 வோல்ட்டுக் காட்டும். எஞ்சினைக் கிளப்பி ஸ்விட்சைப் போட்டால், நாளடைவில் இரண்டும் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நிற்கவேண்டும். ஸ்விட்ச் போட்டும் இரண்டாவது பாட்டரி ஏறாவிடில் பியூஸ், இணைப்பு இவற்றைப் பார்க்கவேண்டும். பின்பு சாவியை எடுத்து விளக்கை எரியவிட்டால் இரண்டாவது மட்டுமே இறங்கவேண்டும். முதலாவதும் கூடவே இறங்கினால் ரிலே பிரியவில்லை என்று அறியலாம்.

மின்சாரம் ஏறும்போது பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு கிளம்புவதால், காற்றோட்டமுள்ள இடத்தில் அசையாமல் கட்டிவைக்கவேண்டும். லித்தியம் பாட்டரியை ஈயப் பாட்டரியுடன் இம்முறையில் சேர்க்கலாகாது. சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டு தானே ஏறியிறங்கும். அவற்றுக்குத் தனிச் சார்ஜர் வேண்டும்.

டிராக்டர் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கத்தாரும் கிராம அதிகாரிகளும் ஒன்றை வற்புறுத்தவேண்டும். எரிந்த பியூசுக்குப் பதிலாக வெறுங்கம்பியை முறுக்கி வைப்பவர், ஓர் இரவின் வேலைக்காக வண்டியையே பணயம் வைக்கிறவராவார். மாற்றுப் பியூஸ் இரண்டும் இணைப்புப் படம் ஒன்றும் வண்டியிலேயே இருப்பது நலம்.