விசையும் சுருதியும் – 9: இடது கையின் வேலை

சின்தசைசரில் ‘போர்ட்டமென்டோ’ என்றொரு பொத்தான் உண்டு. சில கருவிகளில் அதற்குக் ‘கிளைட்’ என்று பெயர். அழுத்திவிட்டு வாசித்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலி வழுக்கிக்கொண்டு போகும். போன வாரம் நாதஸ்வரத்துக்குக் கிட்டவான ஒலியை உருவாக்கி முடித்தவர்கள் அடுத்துக் கைவைப்பது இதில்தான். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிப்பார்கள். சறுக்குமரத்தில் பிள்ளைகள் வரிசையாக இறங்குவதுபோல ஒரே மாதிரியான வழுக்கல் வரும். கமகம் வராது.

உடுவிலில் இந்தக் குறை உடனே காதில் படும். 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மகளிர் கல்லூரி ஒரு பக்கம். அதே பிரதேச செயலகப் பிரிவுக்குள் மருதனார்மடத்தில், 1960இல் தொடங்கி 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம். சற்றுத் தள்ளி, தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த இணுவில். தேவாலய ஓர்கனையும் கோயில் மேளத்தையும் கேட்டு வளர்ந்த காதை ஒரு பொத்தானால் ஏமாற்ற முடியாது. சின்தசைசர் எங்களிடம் பிந்தி வந்தது என்பது வேறு கதை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊரில் யார் ஓர்கன் பழகுவது?

சரி, பொத்தான் ஏன் தோற்கிறது? போர்ட்டமென்டோவுக்குத் தெரிந்தது இரண்டு விசைகளும் ஒரு நேர அளவும் மட்டும். சில கருவிகளில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே நேரம் எடுக்கும். சிலவற்றில் தூரம் கூடினால் நேரமும் கூடும். பழைய அனலொக் கருவிகளில் மின்தேக்கி நிரம்பும் விதத்தால் ஒலி முதலில் விரைந்து, கடைசியில் தயங்கிச் சேரும். எதுவானாலும் அது இயந்திரத்தின் நடை. பாடகர் ஒரு சுரத்தில் நின்று, மேல் சுரத்தைத் தொட்டு, பாதி வழியில் திரும்புவார். அந்தத் திரும்பலுக்குக் கீபோர்டில் விசையே கிடையாது.

அதற்குத்தான் இடது பக்கத்தில் சில்லு இருக்கிறது. 1970இல் வந்த மினிமூக் கருவியிலேயே அது உண்டு. வலது கை சுரத்தை அழுத்த, இடது கை சில்லை உருட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும். சென்னையின் கீபோர்ட் கலைஞர் சத்யநாராயணன் முழுக் கச்சேரி வாசிப்பது இந்த இடது கையின் பலத்தில்தான். சில்லு எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதை நாங்களே குறிக்கலாம். பெரும்பாலான கருவிகள் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்ற அளவோடு வருகின்றன. பழகத் தொடங்குபவர் அதைப் பன்னிரண்டாக்கி வைப்பார். விரல் கொஞ்சம் அசைந்தால் ராகமே மாறிவிடும். இரண்டிலேயே விடுங்கள். தோடியின் காந்தாரத்தைப் பாருங்கள்: அது கீழே சுத்த ரிஷபத்துக்கும் மேலே சுத்த மத்தியமத்துக்கும் இடையில் அசைவது. காந்தாரத்திலிருந்து இரண்டு பக்கமும் சரியாக இரண்டு அரைச்சுரம். சில்லின் முழு வீச்சும் அதற்கே அளவெடுத்ததுபோல் இருக்கிறது. மாயாமாளவகௌளையின் ரிஷபம் ஷட்ஜத்தைத் தொட்டு அசைய அதில் பாதி போதும்.

அப்படியானால் போர்ட்டமென்டோ வேண்டாமா? ஒரு சுரத்திலிருந்து தூரத்துச் சுரத்துக்கு வழுக்கிப்போகும் ஜாருவுக்கு வேண்டும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏழு அரைச்சுரம். சில்லு அங்கே எட்டாது. 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் தனித்தனிக் குறி போட்டிருக்கிறது. அந்தக் குறி வரும் இடத்தில் மட்டும் வழுக்கல் வரவேண்டும். கருவியை ‘மோனோ’வில் வைத்து, ‘லெகாட்டோ’ வகைப் போர்ட்டமென்டோவைத் தெரிவு செய்யுங்கள். முதல் விசையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் வழுக்கும்; விட்டு அழுத்தினால் வழுக்காது. எங்கே வழுக்குவது என்பதை இனி விரல் தீர்மானிக்கும். 1982இல் சரண்ஜித் சிங் ரோலண்ட் ஜூபிட்டர்-8இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். வழுக்கல் கருவி ராகத்துக்கு எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும் என்று இரண்டையும் அதில் கேட்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிடி முறையில் சில்லு ஒரு சனல் முழுவதையும் வளைக்கும். சுருதிக்காக அதே சனலில் ச-ப அழுத்தி வைத்திருந்தால், காந்தாரம் அசையும்போது சுருதியும் சேர்ந்து அசையும். கேட்க முடியாது. 2018இல் ஏற்கப்பட்ட எம்பீஈ முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சனல் உண்டு. ஆனால் அதற்கேற்ற விசைப்பலகை வேண்டும், விலையும் கூட. சுருதிப் பெட்டியைத் தனியே வைத்துக்கொள்வதே எங்களுக்குச் சுகம்.

இந்த வாரப் பயிற்சி: போர்ட்டமென்டோவை முற்றாக நிறுத்துங்கள். ரிஷபத்தை மட்டும் அழுத்தி, சில்லைக் கீழே பாதிவரை இறக்கி ஷட்ஜத்தைத் தொட்டு மீளுங்கள். சில்லை விரலால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் இழுக்கட்டும் என்று விட்டால் ஒலி வெட்டும். சுருதிப் பெட்டியோடு ஒத்துவரும்வரை காந்தாரத்துக்குப் போகவேண்டாம். ஜாருவுக்கான நேர அளவைக் குறிப்பது அடுத்த வாரம்.