நாற்றங்கால் இணையதளத்தில் வீடியோ: செலவைக் குறைக்கும் வழிகள்

தென்னங்கன்று வாங்குவோர் நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 இலைகள், கழுத்துப் பகுதியில் 10 செ.மீ. சுற்றளவு ஆகியவை நல்ல கன்றின் அடையாளங்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். எனவே கன்றுத் தேர்வில் நேரும் தவறு பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அதற்குள் உரமும் நீரும் உழைப்பும் வீணாகிவிடும்.

இன்று வெளி மாவட்ட விவசாயிகள் பலர் செல்போன் மூலமாகவே கன்றுகளுக்குச் சொல்லி வைக்கின்றனர். கழுத்துச் சுற்றளவை நூல் கொண்டு அளந்து காட்டும் 4 நிமிட வீடியோ ஒன்று நாற்றங்காலின் இணையதளத்தில் இருந்தால், வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கும். ஆனால் அந்த வீடியோவை எங்கு வைப்பது என்று தெரியாமல் பலர் வீண் செலவு செய்கின்றனர்.

வீடியோவின் எடை

முதலில் வீடியோவின் அளவைக் கணக்கிட வேண்டும். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதை மொத்த வினாடிகளால் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் மெகாபைட் கணக்கு கிடைக்கும். வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் செல்போனில் பதிவான 4 நிமிட வீடியோ 510 மெகாபைட் இருக்கும். இதையே 720 வரி அளவுக்குக் குறைத்து, 2 மெகாபிட் வேகத்தில் மாற்றினால் 60 மெகாபைட் போதும். இந்த வேலைக்கு ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் உள்ளது. கன்றின் இலையும் கழுத்தும் தெளிவாகத் தெரிய இந்த அளவே போதுமானது.

சொந்த இணையதளத்திலேயே வைக்கலாமா?

குறைந்த வாடகையில் கிடைக்கும் சர்வர் இடம், பல இணையதளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் இடமாகும். 60 மெகாபைட் வீடியோவை 1,000 பேர் முழுமையாகப் பார்த்தால் 60 ஜிகாபைட் தரவு வெளியேற வேண்டும். அப்போது இணையதளமே மந்தமாகலாம். அனுமதித்த அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணமும் வரலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். மேலும், தோட்டத்தில் சிக்னல் குறைவாக உள்ளவருக்கு ஏற்ப வீடியோவின் தரம் தானாகக் குறையாது. வீடியோ நின்று நின்று ஓடும். எனவே ஒலியில்லாத 10 அல்லது 15 வினாடிக் காட்சிகளை மட்டும் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இலவச வழி

புதிதாகத் தொடங்குவோருக்கு யூடியூபே ஏற்றது. இடத்திற்கும் தரவுக்கும் கட்டணமில்லை. பார்ப்பவரின் இணைய வேகத்திற்கேற்ப வீடியோவின் தரம் கூடும், குறையும். வீடியோவின் கீழே 'பகிர்' என்ற இடத்தில் கிடைக்கும் குறியீட்டை இணையதளத்தில் ஒட்டினால் வீடியோ அங்கேயே ஓடும்.

இதிலும் சில குறைகள் உண்டு. சேனல் உரிமையாளர் விளம்பர வருவாய் பெறாவிட்டாலும் வீடியோவில் விளம்பரம் வரக்கூடும். திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்த்தால், உரிமையாளர் கோரிக்கையின் பேரில் வீடியோ முடக்கப்படலாம். எனவே இயற்கையான குரலே போதும்.

வீடியோ முடிந்ததும் பிற நாற்றங்கால்களின் வீடியோக்கள் தோன்றாமலிருக்க, குறியீட்டில் உள்ள முகவரியின் முடிவில் 'ரெல்' அமைப்பைச் சுழியமாக வைக்கும்படி இணையதளம் அமைப்பவரிடம் கூறவும். 2018-க்குப் பின் இந்த அமைப்பு, பரிந்துரைகளை அதே சேனலின் வீடியோக்களுக்குள் நிறுத்துகிறது.

கட்டண வழி எப்போது?

விளம்பரம் அறவே கூடாது என்றாலோ, பணம் கட்டிய பயிற்சியாளர் மட்டுமே பார்க்க வேண்டும் என்றாலோ கட்டண நிறுவனங்களை நாடலாம். யூடியூபில் 'பட்டியலிடப்படாதது' என வைத்த வீடியோவை, இணைப்பு கிடைத்த எவரும் பார்த்துவிடலாம் என்பதை மறக்கக் கூடாது.

எடுத்துக்காட்டாக, கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீம் சேவையில் 1,000 நிமிட இருப்புக்கு மாதம் 5 டாலரும், பார்க்கப்படும் ஒவ்வொரு 1,000 நிமிடத்திற்கும் 1 டாலரும் கட்டணம். தலா 4 நிமிடம் கொண்ட 5 வீடியோக்கள், மாதத்தில் மொத்தம் 500 முறை முழுமையாகப் பார்க்கப்பட்டால், இருப்புக்கு 5 டாலர், பார்வைக்கு 2 டாலர், ஆக 7 டாலர். ஆண்டுக்கு 84 டாலர் ஆகும். டாலர் மாற்று விகிதத்தையும் வரியையும் சேர்த்துப் பார்க்கவும். இந்தத் தொகையை ஈடுகட்ட எத்தனை கன்றுகள் கூடுதலாக விற்க வேண்டும் என்று கணக்கிட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். கட்டணம் மாறக்கூடியது என்பதால், பணம் கட்டும் நாளில் மறுபடியும் சரிபார்ப்பது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

1. மாதத் தரவு வரம்பு எவ்வளவு, தாண்டினால் என்ன கட்டணம் என்பதை முன்கூட்டியே கேட்டறியவும்.

2. ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டாமல், முதலில் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்க்கவும்.

3. படத்தைத் தொட்டால் மட்டுமே வீடியோ ஏறும்படி இணையதளத்தை அமைக்கவும். பக்கம் விரைவாகத் திறக்கும். வாடிக்கையாளரின் டேட்டாவும் மிச்சமாகும்.

4. மூல வீடியோவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தவும். கணக்கு முடங்கினாலும் நிறுவனம் மூடப்பட்டாலும் உழைப்பு வீணாகாது.

5. விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை வீடியோவில் மட்டும் சொல்லாமல் பக்கத்தில் எழுத்திலும் தரவும்.

முதல் ஆண்டில் இலவச வழியில் தொடங்கி, எத்தனை பேர் வீடியோவைப் பார்த்து ஆர்டர் கொடுத்தனர் என்பதைக் கேட்டுக் குறித்து வர வேண்டும். அந்தக் குறிப்பே அடுத்த செலவுக்கு வழிகாட்டும். வீடியோவில் காட்டிய தரத்திலேயே கன்றையும் அனுப்பி வைத்தால், ஒருமுறை வாங்கிய விவசாயி அடுத்த தோப்புக்கும் அதே நாற்றங்காலை நாடி வருவார்.