ஃபிளவனாய்டுகளும் மாதிரிச் செல்சவ்வுகளும்: குவெர்செடினை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தாவர ஃபிளவனாய்டுகளின் உயிரியல் விளைவுகள் பெரும்பாலும் புரதப் பிணைப்பைக் கொண்டே விளக்கப்படுகின்றன. இச்சேர்மங்கள் செல்சவ்வின் லிப்பிடு அடுக்கையும் மாற்றுகின்றன. அம்மாற்றத்தைத் தனியே அளந்தறியாமல் புரத இலக்கை முடிவு செய்தல் பிழைக்கு இடந்தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஃபிளவனாய்டு, குவெர்செடின், லிப்போசோம், பாஸ்போலிப்பிடு, சவ்வுப் புரதம்

முன்னுரை

வெங்காயத்தில் மிகுந்துள்ள குவெர்செடின், 15 கார்பன் அணுக்களாலான சட்டகத்தில் 5 ஹைட்ராக்சில் தொகுதிகளைக் கொண்டது. அதன் வளையங்கள் நீரை விலக்குகின்றன. ஹைட்ராக்சில் தொகுதிகளோ நீரை நாடுகின்றன. இவ்விரட்டைத் தன்மையே அதனைச் சவ்வில் தங்கச் செய்கிறது.

மாதிரிச் சவ்வுகள்

உயிர்ச்செல்லின் சவ்வில் பலவகை லிப்பிடுகளும் புரதங்களும் கலந்திருப்பதால், எம்மாற்றம் எதனால் நேர்ந்தது எனப் பிரித்தறிதல் அரிது. ஆகவே, ஒன்றிரண்டு பாஸ்போலிப்பிடுகளாலான லிப்போசோம்கள் மாதிரிகளாகப் பயன்படுகின்றன. டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல்கோலின் அடுக்கு ஏறத்தாழ 41° செல்சியசில் இறுகிய ஜெல் நிலையிலிருந்து நெகிழ்நிலைக்கு மாறும். குவெர்செடினைச் சேர்க்கும்போது இவ்வெப்பநிலை குறைகிறது. வெப்ப அளவி காட்டும் முகடும் அகன்று தாழ்கிறது. லிப்பிடு மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்தமைக்கு இது சான்றாகும்.

அமைப்பும் இருப்பிடமும்

குவெர்செடின் பெரும்பாலும் லிப்பிடுகளின் தலைப்பகுதிக்கும் கொழுப்பமில வால்களுக்கும் இடைப்பட்ட எல்லையில் தங்குகிறது. அங்குள்ள பாஸ்பேட், கார்போனைல் தொகுதிகளுடன் அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துகின்றன. சர்க்கரை இணைந்த வடிவமாகிய ரூட்டின், நீர்நாட்டம் மிகுந்தமையால் சவ்வினுள் அவ்வளவாக ஊடுருவுவதில்லை. பச்சைத் தேயிலையின் எபிகல்லோகேட்டசின் கேலேட், கேலேட் தொகுதியற்ற எபிகேட்டசினைவிட வலிமையாகச் சவ்வில் ஒட்டுகிறது. எனவே, ஒரு தொகுதியின் வேறுபாடே விளைவை மாற்றவல்லது.

சவ்வும் புரதமும்

சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் செயற்படும்போது வடிவம் மாறுகின்றன. சூழ்ந்துள்ள லிப்பிடு அடுக்கின் நெகிழ்வு மாறினால், புரதத்தை மருந்து தொடாமலேயே அதன் செயல் மாறக்கூடும். இங்கோல்ப்சன், ஆண்டர்சன் உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, ஜெனிஸ்டீன், எபிகல்லோகேட்டசின் கேலேட் ஆகிய ஃபிளவனாய்டுகளையும் குர்குமின், கேப்சைசின், ரெஸ்வெராட்ரால் ஆகியவற்றையும் சோதித்தது. லிப்பிடு அடுக்கை மாற்றும் செறிவுகளில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சவ்வுப் புரதங்களின் செயலையும் மாற்றின.

முடிவுரை

மூலிகைச் சேர்மம் ஒன்று சவ்வுப் புரதமொன்றைத் தடுப்பதாகக் கண்டவிடத்து, அதே செறிவில் புரதமற்ற லிப்போசோம் எவ்வாறு மாறுகிறது என்பதையும் சோதித்தல் வேண்டும். மாதிரிச் சவ்வு உயிர்ச்செல்லுக்கு ஈடாகாது. எனினும், புரதத்தின் பங்கையும் லிப்பிடின் பங்கையும் பிரித்துக் காட்டும் எளிய கட்டுப்பாட்டுச் சோதனை அதுவே. அச்சோதனை இன்றி அறிவிக்கப்படும் மருந்திலக்கு, ஐயத்திற்குரியதாகவே எஞ்சும்.